மாமாவின் கிட்னி

ஒரு மனிதரின் மூத்திரப் பையின் முன்னால் நான் கைகட்டி நின்றிருக்கிறேன். சுசீந்திரம் கோயிலில்கூட நான் அவ்வளவு பக்தியோடு நின்றதில்லை என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

அது மாமாவின் பை. மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி, நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தார். எண்பதைத் தாண்டிய உடம்பு. நுரையீரல் கைவிட்டிருந்தது. இதயம் நினைத்தால் ஓடியது, நினைத்தால் நின்று யோசித்தது. ஒரு கண் பல வருஷத்துக்கு முன்பே மங்கிப்போயிருந்தது, கால் பெருவிரல் ஒன்று அதற்கும் முன்பே போயிருந்தது. ஆனால் கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையில் மட்டும் இளமஞ்சளாக, கலங்கலில்லாமல், ஒரு ஊழியன் தன் கடமையைச் செய்வதுபோலச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் பையை மாற்ற வந்த நர்ஸ் பெண் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நான் பொறக்கும் முன்னையே இவருக்கு சுகர் உண்டாம்லா? இந்தக் கிட்னிய பாத்தா ஆரும் நம்பமாட்டாவ" என்றாள்.

நான் நம்பினேன். எனக்குத்தான் மூத்திரம் பார்க்கத் தெரியுமே.

என் தொழில் இன்சூரன்ஸ். ஊருக்கெல்லாம் பயத்தைத் தவணை முறையில் விற்கிறவன். அந்தக் கடையில் எனக்காக ஒரு பெரிய பங்கை எடுத்துவைத்துக்கொள்வது வழக்கம். நாற்பதுகளின் நடுவில் எனக்குச் சர்க்கரை வந்தது. சர்க்கரைக்காரனுக்குக் கிட்னி கெடத் தொடங்கினால் மூத்திரத்தில் புரதம் ஒழுகும், புரதம் ஒழுகினால் நுரைக்கும் என்று எங்கேயோ படித்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து தினம் காலையில் குனிந்து நின்று நுரை பார்ப்பது என் நித்திய கர்மம் ஆயிற்று. பால் வாங்குகிறவன் நுரை பார்ப்பதுபோல நான் பார்ப்பேன். ஒருநாள் கக்கூஸ் பீங்கான் நிறைய வெள்ளை வெளேரென்று பொங்கி நின்றது. நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு, என் இரண்டு பிள்ளைகளுக்கும் யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "கழுவுக மருந்த ஊத்தி ஊற வச்சிருக்கேன். அதுக்குள்ள ஆரு போகச் சொன்னா?" என்றாள்.

காலில் நீர் கோத்திருக்கிறதா என்று கட்டைவிரலால் கணுக்காலை அழுத்திப் பார்ப்பது இன்னொரு வேலை. கல்யாண வீடுகளில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது ஒருவன் குனிந்து தன் காலை அமுக்கிக்கொண்டிருந்தால் அது நான்தான் என்று ஊருக்குத் தெரியும். இத்தனையும் செய்வேன், பரிசோதனைக்கு மட்டும் போகமாட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்த மூத்திரப் பரிசோதனைச் சீட்டுகள் என் சட்டைப் பைகளிலேயே துவைபட்டுக் கூழாகிப்போயின. போனால் தெரிந்துவிடுமே.

இவ்வளவு பயத்துக்கும் காரணம் அப்பா. இவ்வளவு பயத்தோடும் நான் உயிரோடு சோறு தின்றுகொண்டிருந்ததற்குக் காரணம் மாமா.

அப்பாவுக்கும் சர்க்கரை, மாமாவுக்கும் சர்க்கரை. மாமாவுக்குத்தான் முதலில் வந்தது. அப்பா வங்கியில் வேலை பார்த்தவர், ஒழுங்குக்குப் பிறந்தவர். சர்க்கரை என்று தெரிந்த அன்றே சீனியை எதிரி என்று அறிவித்துவிட்டார். விடியும் முன் குளத்தங்கரையில் நடை. பாகற்காய். கஞ்சி. வெறும் தேயிலைத் தண்ணீர். அம்மா பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தால் வாசனை வரும் பக்கத்துக்கே வராமல் முற்றத்தில் நிற்பார்.

மாமாவோ போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். வேளைக்குத் தின்ன முடியாத வேலை. ஆனால் தின்னக் கிடைத்த வேளையில் தின்றார். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சாப்பாட்டில் பாயசம் வரும்போதுதான் மனிதனுக்கே ஒரு முகம் வரும். பருப்புப் பாயசத்தை இலையில் ஊற்றி, அதில் மட்டி வாழைப்பழத்தை உரித்துப் போட்டு, மேலே பப்படத்தை நொறுக்கி, மூன்றையும் சேர்த்துப் பிசைந்து வழித்துத் தின்ன வேண்டும். மாமா அதை ஒரு பூசை மாதிரிச் செய்வார். பரிமாறுகிற பையன்களுக்கு அவர் சர்க்கரைக்காரர் என்பது தெரியும். வாளியோடு அவர் இலையைத் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். மாமா நிமிர்ந்து பார்ப்பார். கண்டக்டர் சில்லறை தராத பயணியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. வாளி திரும்பி வரும்.

சர்க்கரை அவரைச் சும்மா விடவில்லைதான். விரலைத் தின்றது, கண்ணில் கை வைத்தது. கிட்னியின் பக்கம் மட்டும் போகவே இல்லை. அப்பாவிடம் அது நேரே கிட்னிக்குத்தான் போயிற்று.

இனி, நான் யார் ஜாடை என்று சொல்ல வேண்டும். நான் மாமாவின் அச்சு. முகம், நடை, தும்மினால் தொடர்ந்து தும்முவது, முன்னந்தலையில் தொடங்கிப் பின்னால் போகும் வழுக்கை, எல்லாம் மாமா. எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் மாமாவின் சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது, மருமகனுக்குத்தான் போகும். அந்த மருமக்கள் வழியை என் தாத்தா சிறுவனாக இருக்கும்போதே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எங்கள் வீடுகளில் பேச்சில் இன்னும் நிற்கவில்லை. நான் பிறந்தபோதே, "மாமனுக்குள்ளது எல்லாம் இவனுக்காக்கும்" என்று அம்மாவின் வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். நுரை மோசமாகத் தெரிந்த காலைகளில் கண்ணாடி முன்னால் போய் நிற்பேன். மாமாவின் வழுக்கை பளபளவென்று தெரியும். வழுக்கை வந்ததென்றால் கிட்னியும் வந்திருக்கும் என்று மனம் ஆறிப்போவேன். உலகத்தில் தன் சொட்டைத் தலையைத் தடவித் தடவி சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இந்த மாதிரி மடத்தனம் எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டும்தான் தோன்றும்.

ஆனால் மாமாவிடம் இதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவருடைய குணமே வேறு. தனக்குக் கிடைத்த நல்லது எதையும் தனக்கு உள்ளது என்று அவரால் நம்ப முடியாது. வேறு யாருக்கோ வர வேண்டியது வழி தவறித் தன் கைக்கு வந்துவிட்டது என்றே நினைப்பார்.

ஒருமுறை ஓணத்துக்குத் துணிக்கடையில் கூப்பன் போட்டு அவருக்கு ஒரு ஃபிரிட்ஜ் விழுந்தது. வீடே ஆடிற்று. மாமாவின் முகம் மட்டும் பேயறைந்தது போலிருந்தது. விசாரித்தால், பில் போடும் வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற யாரோ ஒருவர் போன் வந்து ஒதுங்கினாராம், மாமா முன்னால் போய்விட்டாராம். "அவரு ஒதுங்கலேன்னா இந்தச் சீட்டு அவருக்கில்லா போயிருக்கும்?" என்று கேட்டுக்கொண்டு கடைக்கு நடையாய் நடந்தார். நீலச் சட்டை, கொஞ்சம் தடித்த ஆள் என்ற அடையாளத்தை வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஓணத்துக்குத் துணி எடுத்த ஒருவரை எங்கே தேடுவது? ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி பிரிக்காமல் வெகுநாள் நடு வீட்டில் நின்றது. கடைசியில் அத்தைதான் பிளக்கைக் குத்தினாள். "ஆளு வரும்போ குடுப்போம். அதுவர தோசமாவு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

இன்னொன்று அதைவிடப் பழையது. ஒருநாள் அவர் போக வேண்டிய வண்டியில் வேறொரு கண்டக்டர் மாற்றிக்கொண்டு போனார். திருவட்டாறு போகும் வழியில் வண்டி சரிந்துவிட்டது. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை, ஆனால் அந்தக் கண்டக்டருக்குக் கால் முறிந்து, பிறகு நேராகவே இல்லை. மார்த்தாண்டத்தில் அவர் வீடு. அதற்குப் பிறகு மாமா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கி அவர் வீட்டுக்குப் போய்க் காலைப் பார்ப்பார். முதலில் வேலை விஷயமாக வருகிறார் என்று அந்த மனிதர் நினைத்தார். பிறகு பாசம் என்று நினைத்தார். வருஷங்கள் ஆன பிறகு அவருக்கே பொறுக்கவில்லை. நானும் கூட இருந்த ஒருநாள் அவர் மாமாவிடம், "வே, நான் மறந்தே போறேன். நீரு வந்து நிக்கும்போதாக்கும் கால் வலிக்கது" என்றார். மாமா சிரித்தார். அடுத்த மாதமும் போனார்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது இந்த மாமா என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் கூட வந்தார். பூதப்பாண்டியிலிருந்து விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவை ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இயந்திரத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். ரத்தம் அப்பாவின் கையிலிருந்து குழாயில் போய், சுற்றி, திரும்பி வரும். மாமா அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஐந்து நிமிஷம் பார்த்தால் வெளியே போய் என் காலை அமுக்கிப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

அப்பாவுக்கு வலியைவிடப் பெரிய துன்பம் ஒன்று இருந்தது. தான் செய்த தப்பு என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்க்கை முழுவதும் எழுதிய கணக்கைத் திருத்திப் பார்த்த மனிதர், இதிலும் பிழை எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தார். இயந்திரத்தில் படுத்தபடி திடீரென்று கண்ணைத் திறந்து, "கன்னியாகுமரியில ஒரு கல்யாணத்துல போளி ஒண்ணு தின்னேன், பாத்துக்கோ" என்பார். கொஞ்சம் கழித்து, "மழைக்காலத்துல நடக்கப் போகாம இருந்தேனே" என்பார்.

இந்த நேரத்தில் அப்பாவைப் பார்க்க ஒரு உறவினர் வந்தார். அப்பாவின் சித்தப்பா மகன், நாங்களும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். நோய் பார்க்க வருகிறவர்களுக்கு வழக்கமாக இருக்கும் அந்த ஞானம் அவருக்கும் இருந்தது. பழப்பையை வைத்தார். இயந்திரத்தை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"வாயக் கெட்டியிருக்கணும் அண்ணே. இப்பம் சொல்லி என்ன."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா ஸ்டூலிலிருந்து எழுந்தார். மாமா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஓடும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் குரல்தான், கடைசி இருக்கை வரை போகும் குரல்.

"நீரு கொஞ்சம் எனக்க மொகத்தப் பாரும். நான் தின்ன பாயசத்துக்கு இந்தக் கட்டிலுல நானாக்கும் கெடக்கணும். இவரு ஒரு துள்ளி சீனி நாக்குல வச்சவரில்ல. எனக்கு வரல்ல, இவருக்கு வந்துட்டு. இதுல வாயி எங்க வந்துது?"

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வெரலு போச்சு, கண்ணு போச்சு. அது எனக்க வாயி செஞ்சது, ஒத்துக்கிடுகேன். கிட்னி நிக்கது நான் செஞ்சதில்ல. அதுபோல போனதும் இவரு செஞ்சதில்ல. தெரியாத்தத வச்சு ஒரு மனுசன குத்தம் சொல்லாதயும் வே."

அந்த அறையில் இன்னும் பலர் இயந்திரங்களில் படுத்திருந்தார்கள். தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அப்பா கண்ணை மூடியிருந்தார். கண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. துடைக்க ஒரு கையில் ஊசி, மறு கையைத் தூக்கத் தெம்பில்லை. மாமாதான் தன் துண்டால் துடைத்தார். அதற்குப் பிறகு அப்பாவின் பேச்சில் போளி வரவில்லை.

அடுத்த வாரம் மாமா முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டேன். அவர் நேரே கிட்னி டாக்டரின் அறைக்குள் போனார். டாக்டர் களியக்காவிளைப் பக்கத்துப் பெண், வயது குறைவு, பேச்சு நிதானம். மாமா நின்றபடியே, தன் கிட்னி இரண்டும் நன்றாக இருக்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே பார்த்துச் சொல்லியிருப்பதாகவும், அதில் நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துத் தங்கச்சி மாப்பிள்ளைக்கு வைத்துவிடலாம் என்றும் சொன்னார். கத்தரிக்காய் பொறுக்குவது மாதிரிச் சொன்னார். டாக்டரின் பார்வை அடுத்து என் மேல் திரும்பிவிடுமோ என்று நான் கதவின் பக்கமாக நகர்ந்தேன். சர்க்கரை வந்ததற்காக வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கடவுளுக்கு நன்றி சொன்னது அப்போதுதான்.

டாக்டர் மாமாவை உட்காரச் சொன்னார். சர்க்கரை உள்ளவரிடமிருந்து கிட்னி எடுக்கமாட்டோம், வயதும் ஆகிவிட்டது, இருக்கிற இரண்டும் நாளைக்கு உங்களுக்கே வேண்டும் என்றார்.

"இத்தன வருஷம் பாயசம் தின்னு தின்னும் அழியாத்தது, ஒண்ணக் குடுத்தா அழிஞ்சிரவா போகுது டாக்டர்?"

"அழியலாம் சார். நல்லா இருக்குன்னுதான் எனக்குத் தெரியும். ஏன் நல்லா இருக்குன்னு தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை மாமா வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டருக்கே தெரியாதாமே, டாக்டருக்கே தெரியாதாமே என்று. அதில் அவருக்கு ஒரு கோபமும் இருந்தது, ஒரு நிம்மதியும் இருந்தது. தனக்குக் கிடைத்தது தன் சாமர்த்தியம் இல்லை என்பதற்கு முதன்முதலாகப் படித்தவர் ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறார்.

அப்பா இறந்து சில வருஷங்களுக்குப் பிறகு அதே டாக்டர் மாமாவைத் தேடி அத்தையின் போனுக்குக் கூப்பிட்டார். வெளியூரில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் சர்க்கரைக்காரர்களின் ரத்தம் சேர்க்கிறார்களாம். சர்க்கரையால் கிட்னி கெட்டவர்களின் ரத்தம் ஒரு பக்கம், எத்தனையோ காலம் சர்க்கரை இருந்தும் கிட்னி கெடாதவர்களின் ரத்தம் இன்னொரு பக்கம். இரண்டையும் வைத்துப் பரம்பரையாக வந்த வித்தியாசம் என்ன என்று பார்ப்பார்களாம். மாமா போனை வைத்ததும் என்னைக் கூப்பிட்டார். துணைக்கு வரச் சொல்கிறார் என்று நினைத்துப் போனேன்.

டாக்டர் மாமாவுக்குப் பொறுமையாக விளக்கினார். அதை நான் பாதிதான் புரிந்துகொண்டேன், ஆனால் அந்தப் பாதிக்கே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிட்னிக்குள் ரத்தத்தை வடிகட்டுவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வை எப்படி நெய்ய வேண்டும் என்பது நாம் கருவாகும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எழுத்துதான். ஆனால் அங்கே ஒரு எழுத்து, இங்கே ஒரு எழுத்து மாறியிருக்கும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் இல்லை. சிலருக்கு அப்படி மாறிய ஒன்று, சர்க்கரை எத்தனை காலம் அடித்தாலும் சவ்வு கிழியாமல் காக்கலாம். சிலருக்கு வேறு ஒன்று, சீக்கிரம் கிழியவிடலாம். ஒன்றிரண்டு அல்ல, பலவும் சேர்ந்து. "உங்ககிட்ட அப்படி எது இருக்குன்னு எனக்குத் தெரியாது சார். இருக்கான்னே தெரியாது. தேடத்தான் கேக்குறோம். அதுக்காக மத்தவங்க வாயைக் கட்ட வேண்டாம்னு அர்த்தமில்ல. பாதி கையில இருக்கு, பாதி கையில இல்ல."

மாமா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்த்த கட்டைவிரல். நானும் அந்தக் கையைத்தான் பார்த்தேன். பஸ்ஸில் தொங்கி, வெயிலில் வாடி, பாயசம் பிசைந்து வாழ்ந்த ஒரு மனிதருக்குள் அவருக்கே தெரியாத ஒரு எழுத்து உட்கார்ந்து இத்தனை வருஷம் காவல் காத்திருக்கிறது. எங்கள் அப்பாவுக்குள் அந்த இடத்தில் வேறு ஒரு எழுத்து. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குள் ஒரு மனிதர் குளத்தங்கரையில் நடந்த விடியல்கள் எல்லாம் போயிருக்கின்றன.

மாமா ரத்தம் கொடுத்தார். ஊசியை எடுத்ததும் பஞ்சைப் பிடித்துக்கொண்டே, "இவனுக்கும் பாருங்கோ டாக்டர். இவன் எனக்க மருமகனாக்கும். இவனுக்க அப்பனத்தான் நீங்க பாத்தீங்க" என்றார். நான் ஏதோ அவசர வேலை இருப்பதாகச் சொன்னேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"லே, நீ தலயத் தடவிக்கிட்டுத் திரியது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மனைவி சொல்லியிருக்க வேண்டும். எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். ஐம்பது வயதில், பலருக்கும் முன்னால், அதை நிரப்பி மூடி, இளஞ்சூடாகக் கையில் ஏந்தி நடந்து வருவது ஒரு மனிதனுக்கு நேரக்கூடிய பெரிய சிறுமைகளில் ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்து முடிவுச் சீட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் என் முழு வாழ்க்கையையும் திரும்பப் பார்த்துவிட்டேன், அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்பதால் நேரம் மிச்சமிருந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது. என் பெயர்தான்.

டாக்டர் இரண்டு சீட்டுகளையும் ஒன்றாக விரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொஞ்சம் ஒழுகத் தொடங்கியிருக்கிறது என்றார். இது தொடக்கம்தான், இந்த நேரத்தில் வந்தது நல்லது, மாத்திரை இருக்கிறது, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒழுங்காகப் பிடித்தால் பல காலம் இதே இடத்தில் நிறுத்தி வைக்கலாம், இன்னும் ஒருமுறை பரிசோதித்து உறுதிசெய்துகொள்வோம் என்றார். வெப்ராளம், அதாவது பதற்றம், தலைக்கு ஏறினால் எனக்கு வாயில் கேலி வரும், அது என் வியாதி. எனக்கே ஒரு பாலிசி விற்றுக்கொண்டால் கமிஷன் வருமா டாக்டர் என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"எனக்குள்ளதுல?" என்றார். "எனக்குள்ளதுல கொஞ்சமாவது ஒழுக்கு இருக்கா டாக்டர்?"

"இல்ல சார். உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பாருங்கோ."

டாக்டர் சீட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். மாமா மங்காத கண்ணை அதன்மேல் வைத்து நெடுநேரம் பார்த்தார். பரீட்சையில் தோற்ற பிள்ளை தன் பெயரைத் தேடுவது மாதிரி. பிறகு சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

நான் போனபோது வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவரையும் பார்த்தால் சீக்கு அவருக்குத்தான் என்று எவரும் சொல்வார்கள். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதைச் சொன்னேன். மாத்திரை சின்னதுதான் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். மெதுவாகக் கையை நீட்டி என் முன்னந்தலையைத் தடவினார்.

"எனக்க மொகத்த எடுத்த. எனக்க நடய எடுத்த. இந்தச் சொட்டத் தலய எடுத்த. ஆருக்கும் வேண்டாத்தது எல்லாம் வாரி எடுத்திருக்க. வேண்டிய ஒண்ண மட்டும் எடுக்காம விட்டுட்டியே லே மக்கா."

"எடுக்கும்போ ஆரும் சொல்லித் தரல்லியே மாமா" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு முடியும் முன்னே உதடு கோணிக்கொண்டது. துண்டை எடுத்து முகத்தை மூடினார். வராந்தாவில் போகிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள், நான் அவரிடம் ஏதோ கெட்ட செய்தி சொல்லிவிட்டேன் என்று. எனக்குக் கேலி எதுவும் வரவில்லை. ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் எனக்குப் பயமே இல்லை. என் பயம் முழுவதையும் அவர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்தார். வாசலில் இருந்த பெண் தடுப்பதற்குள் டாக்டரின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே வேறு யாரோ நோயாளி உட்கார்ந்திருந்தார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்க ரத்தம் எடுத்தீங்களே டாக்டர். தேடுகதுக்கு அது போதுமா? பத்தலேன்னா இன்னும் எடுத்துக்கிடுங்கோ" என்று கேட்டுக்கொண்டு, மாமா வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடக்கிக்கொண்டு நின்றார்.